கோடை விடுமுறைக்கு ஆச்சி வீட்டுக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டுத் தொலைபேசி ஓய்வதில்லை. சென்னை, பெங்களூரு, மும்பை என்று பிரிந்திருக்கும் என் பிள்ளைகளும், தம்பி தங்கை குடும்பத்தாரும், அம்பாசமுத்திரத்துக்கு அருகிலுள்ள எங்கள் பழைய வீட்டுக்கு விடுமுறைக்கு வருவதற்கு முன்னால் ஒரே சந்தேகங்களை ஆளுக்கொரு தரம் கேட்கிறார்கள். சென்ற ஆண்டு 11 பிள்ளைகள் வந்திருந்தார்கள். ஒவ்வொரு கோடையிலும் சொன்ன பதில்களைச் சேர்த்து இந்த ஆண்டு எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கொடுத்திருக்கிறேன். இதே போலப் பேரப்பிள்ளைகள் வந்து நிறையும் வீடுகள் இந்தப் பக்கத்தில் நிறைய இருப்பதால், மற்றவர்களுக்கும் இது பயன்படும் என்று நம்புகிறேன்.

அத்தை, எந்தத் தேதியில் வந்தால் நல்லது? பரீட்சை முடிந்த மறுநாளே கிளம்பட்டுமா?

மறுநாளே கிளம்ப வேண்டாம். பிள்ளைகள் இரண்டு மூன்று நாள் தங்கள் வீட்டில் தூங்கிக் களைப்பாறட்டும். ஏப்ரல் கடைசி வாரத்தில் வந்து மே 20 வாக்கில் திரும்புவதுதான் நல்ல கணக்கு. அப்போது நுங்கும் பதநீரும் தாராளமாகக் கிடைக்கும், மாம்பழமும் வந்துவிடும், வத்தல் போடுவதற்கு வேண்டிய வெயிலும் அடிக்கும். கத்திரி வெயில் மே 4 அளவில் தொடங்கி மே 28 அளவில் முடிவதால் சிலர் தயங்குகிறார்கள். வெயில் கடுமையானதுதான்; ஆனால் காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை வெளியே போகக் கூடாது என்ற ஒரே விதியைப் பிடிவாதமாகக் காத்தால், இதுவரை எந்தப் பிள்ளையும் வெயிலால் படுத்ததில்லை.

குற்றாலத்துக்காகவே வருகிறோம் என்பவர்கள், கீழே அதற்கென்று உள்ள பதிலைப் படித்துவிட்டுத் தேதி குறிக்கவும்.

மதினி, எந்த ரயிலில் ஏறினால் சுலபம்?

சென்னையிலிருந்து வருகிறவர்கள் மாலையில் எழும்பூரில் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் திருநெல்வேலியில் இறங்கலாம். அங்கிருந்து செங்கோட்டை செல்லும் பயணிகள் ரயில் சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி வழியாக அம்பாசமுத்திரம் வருகிறது. ஜன்னலோரத்தில் ஒரு பக்கம் வயலும் வாழையும் ஓடிக்கொண்டிருக்க, எதிரே பொதிகை மலை மெல்ல மெல்லப் பெரிதாகிக்கொண்டே வருவதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்பதற்காகவே, காரில் அழைத்துவர ஆள் அனுப்புவதை நான் விரும்புவதில்லை. முன்பதிவு இப்போது 60 நாள்களுக்கு முன்னால்தான் தொடங்குகிறது. 2024 நவம்பருக்கு முன்பு 120 நாளாக இருந்த பழக்கத்தில் யாரும் ஏமாற வேண்டாம்.

பொதிகை எக்ஸ்பிரஸ் என்ற பெயரைப் பார்த்து அதில் ஏறிவிடாதீர்கள். அது விருதுநகரில் பிரிந்து ராஜபாளையம், தென்காசி வழியாகச் செங்கோட்டைக்குப் போகிறது, திருநெல்வேலிக்கு வருவதில்லை. என் தம்பி குடும்பம் ஒரு முறை அப்படி ஏறிவிட்டு, விடியற்காலையில் தொலைபேசியில் அழைத்து, "அக்கா, திருநெல்வேலியை எடுத்துவிட்டார்களா?" என்று கேட்டது. தென்காசியில் இறங்கி, எதிர்த் திசையில் வந்த பயணிகள் ரயிலில் ஏறி அம்பாசமுத்திரம் வந்து சேர்ந்தார்கள். பெரியவர்கள் முகம் வாடி இறங்கினார்கள். பிள்ளைகளோ ஒரே நாளில் இரண்டு ரயில் ஏறிய பெருமையை அந்தக் கோடை முழுவதும் மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஆச்சி வீட்டில் ஏசி இல்லையாமே, பிள்ளைகள் எப்படித் தாங்குவார்கள்?

பகலில் தார்சா என்கிற முன்கூடமும் பட்டாசல் என்கிற உள்கூடமும் குளிர்ச்சியாகவே இருக்கும். உயரமான ஓட்டுக் கூரை, கனத்த சுவர், காற்று நேராகப் புகுந்து புறவாசல் வழியாக வெளியேறும்படி வைத்த கதவுகள் ஆகியவற்றைக் கட்டியவர்கள், இந்த ஊர் வெயிலை அறிந்தே கட்டியிருக்கிறார்கள். இரவில்தான் உள்ளே புழுங்கும். அதனால் பின்கட்டுத் தட்டட்டியில், அதாவது மொட்டை மாடியில், மாலை 6 மணிக்கு நான்கு குடம் தண்ணீர் தெளித்து, சூடு இறங்கியதும் பத்தமடைக் கோரைப் பாய்களை விரித்துவிடுவோம். 11 பிள்ளைகளும் வரிசையாகப் படுத்து, வானத்தில் செயற்கைக்கோள் போகிறதா என்று பார்த்துப் பார்த்து உறங்கிவிடுவார்கள்.

கோடை மழை முன்னறிவிப்பின்றி வரும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஒரு நள்ளிரவில் திடீரென்று மழை கொட்டியபோது, ஆளுக்கொரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, தார்சாவில் எண்ணிப் பார்த்தால் 10 பேர்தான் இருந்தார்கள். தெருவிளக்கு வரை போய்த் தேடினோம். பக்கத்து வீட்டுக்காரர்கள் கைவிளக்கோடு வந்துவிட்டார்கள். கடைசியில் தாத்தா மறுபடி மேலே ஏறிப் பார்த்தபோது, தண்ணீர்த் தொட்டியின் அடியில் ஒரு சொட்டு நனையாமல் என் மகளின் இளையவன் உறங்கிக்கொண்டிருந்தான். மற்றவர்கள் உதைக்கிறார்கள் என்று பாயோடு அங்கே நகர்ந்திருக்கிறான். அன்று முதல் யார் எங்கே படுத்திருக்கிறார்கள் என்பதை விளக்கணைக்கும் முன் எண்ணிவைக்கும் பொறுப்பு அவனிடமே இருக்கிறது. இந்த மூன்று ஆண்டுகளில் ஒரு நாளும் அவன் கணக்குத் தவறியதில்லை.

பெட்டியில் என்னென்ன வைக்க வேண்டும், பெரியம்மா?

பருத்தி உடைகள், தொப்பி, வழக்கமான மருந்துகள். புது உடை எதுவும் வேண்டாம், ஏனென்றால் கொல்லாம்பழச் சாறு பட்ட கறை எந்தச் சோப்புக்கும் போகாது. (முந்திரிப்பழத்தைத்தான் நாங்கள் கொல்லாம்பழம் என்கிறோம்.) விளையாட்டுச் சாமான்களை விட்டுவிட்டு வாருங்கள்.

விளையாட்டுச் சாமானும் வேண்டாம் என்றால், நாள் முழுக்கப் பிள்ளைகள் என்னதான் செய்வார்கள்? சும்மா இருந்தால் சண்டை வருமே?

எல்லோரும் கேட்கிற கேள்வி இது. நான் அழுத்திச் சொல்ல விரும்புவதும் இதற்கான பதிலைத்தான். பிள்ளைகளுக்கு நாம் வேடிக்கை காட்ட வேண்டியதில்லை. வீட்டில் உண்மையாகவே நடக்கிற ஒரு வேலையில், உண்மையான ஒரு பங்கைக் கொடுத்தால் போதும். விளையாட்டுக்காக உருவாக்கிய வேலையை அவர்கள் ஒரு மணி நேரத்தில் கண்டுகொண்டு விலகிவிடுவார்கள். தாங்கள் செய்யாவிட்டால் வீட்டுக்கு நட்டம் என்று தெரிகிற வேலையைக் கைவிடுவதில்லை.

எங்கள் வீட்டில் அப்படிப்பட்ட முதல் வேலை கூழ் வத்தல். ஊறவைத்து அரைத்த பச்சரிசி மாவை முதல் நாள் இரவே கரைத்து வைத்துவிட்டு, விடியுமுன் பெரிய உருளியில் தண்ணீர் கொதிக்கவிட்டு, உப்பு, அரைத்த பச்சை மிளகாய், சீரகம், பெருங்காயம் சேர்த்துக் கிண்டி இறக்குவோம். கூழ் கைபொறுக்கும் சூட்டுக்கு வந்ததும், தட்டட்டியில் தாத்தாவின் பழைய வேட்டிகளை விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்து, கரண்டியால் வரிசையாக ஊற்ற வேண்டும். வெயில் ஏறுவதற்குள், அதாவது 8 மணிக்குள், இந்த வேலை முடிந்தாக வேண்டும். ஊற்றுவது பெரிய பிள்ளைகள், கல் பொறுக்குவது சிறியவர்கள். இரண்டாம் நாள் மாலையில் வேட்டியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் தண்ணீர் தெளித்து உரித்தெடுக்கும்போது, வத்தல் உடையாமல் வருகிறதா என்று 11 பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்ப்பார்கள்.

காக்கைக்கும் அணிலுக்கும் காவல் இருப்பதுதான் எல்லோரும் போட்டியிடும் பதவி. தட்டட்டிப் படிக்கட்டின் மேலே கூரை போட்ட நிழலில் இருவர் இருவராக உட்கார்ந்து, கறுப்புக் குடையை விரித்தும் மடக்கியும் காக்கை விரட்டுவார்கள். ஒரு முறை காலையில் 400 வத்தல் ஊற்றியிருந்தோம். மாலையில் 260 தான் இருந்தது. காக்கைகள் கூட்டமாக வந்தன என்று காவலர்கள் ஒரே குரலில் சாட்சி சொன்னார்கள். ஆனால் பாதி காய்ந்த வத்தல் எவ்வளவு ருசியானது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். சாட்சிகளின் வாயில் சீரகம் மணந்தது. நான் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. மறுநாளிலிருந்து காவலர்கள் தின்பதற்கென்றே தனியாக ஒரு துண்டில் ஊற்றிவைக்கிறோம். அதன் பிறகு வேட்டியில் உள்ள வத்தல் ஒன்றுகூடக் குறைந்ததில்லை, காக்கைகளும் வருவதில்லை.

கைப்பேசி கேட்டு அழுதால் என்ன செய்வது?

முதல் இரண்டு நாள் கேட்பார்கள். இரவு உணவுக்குப் பின் அரை மணி நேரம் பெற்றோரிடம் பேசுவதற்குக் கொடுக்கிறேன். மூன்றாம் நாளிலிருந்து, பேச அழைத்தாலே "காவலில் இருக்கிறேன்" என்கிறார்கள்.

பதநீர் குடித்தால் போதை வராதா? நுங்கு எத்தனை சாப்பிடலாம்?

பதநீரில் போதை இல்லை. பனம்பாளையில் கட்டும் கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவியிருப்பார்கள். அது சாறு புளிக்காமல் காக்கிறது. சுண்ணாம்பு தடவாமல் இறக்கினால்தான் அது கள். ஆகவே தெரிந்த பனையேறியிடம், காலையில் இறக்கியதை, அப்போதே வாங்கிக் குடிக்க வேண்டும். மதியத்துக்கு மேல் வைத்துக் குடிக்கக் கூடாது. ஓலைப் பட்டையைக் கோலி அதில் ஊற்றிக் கொடுக்கும்போது எந்தப் பக்கத்தை வாயில் வைப்பது என்று தெரியாமல், முதல் முறை குடிக்கிற பிள்ளை கழுத்து வழியாகத்தான் பாதியைக் குடிக்கும். குளிப்பதற்கு முன் பதநீர் கொடுப்பது என்ற ஒழுங்கை அதனால்தான் வைத்திருக்கிறோம்.

நுங்கு இளசாக இருந்தால் ஒரு பிள்ளைக்கு நான்கைந்து கண் போதும். முற்றியதைத் தின்றால் வயிறு வலிக்கும். பெருவிரலால் நோண்டி உறிஞ்சுவதுதான் முறை. கரண்டி கேட்கிற பிள்ளைக்கு நாங்கள் கரண்டி கொடுப்பதில்லை. தின்று முடித்த குரும்பை இரண்டை ஒரு குச்சியில் கோத்து, கவைக்கம்பால் தள்ளினால் நுங்கு வண்டி தயார். சென்ற ஆண்டு நடந்த வண்டிப் பந்தயத்தில், பெங்களூரிலிருந்து வந்த பேத்தி எல்லோரையும் முந்திக்கொண்டு தெருமுனையில் திரும்ப முடியாமல், பசுமாட்டுக்கு வைத்திருந்த கழுநீர்த் தொட்டிக்குள் வண்டியோடு இறங்கிவிட்டாள். மாடு ஒரு அடி பின்வாங்கி நின்று பார்த்ததே தவிர ஒன்றும் செய்யவில்லை. எல்லைக்கோட்டைத் தாண்டிய பிறகே விழுந்தாள் என்பதால் வெற்றி அவளுக்குத்தான் என்று தாத்தா தீர்ப்புச் சொன்னார்.

கூட்டாஞ்சோற்றை உண்மையிலேயே பிள்ளைகளா சமைக்கிறார்கள்?

ஆமாம், அடுப்பு மூட்டுவதும் பானை இறக்குவதும் மட்டும் பெரியவர்கள். திருநெல்வேலிக் கூட்டாஞ்சோறு என்பது அரிசியும் துவரம்பருப்பும் கத்தரிக்காய், வாழைக்காய், முருங்கைக்காய், முருங்கைக்கீரை எல்லாம் ஒரே பானையில் வேகும் சோறு. தேங்காய், சீரகம், மிளகாய் வத்தல், சின்ன வெங்காயம் அரைத்த விழுதும் புளிக்கரைசலும் சேர்ந்து, இறக்கும்போது நல்லெண்ணெய் ஊற்றினால் மணம் தெருவுக்கு எட்டும். ஒவ்வொரு வீட்டுப் பிள்ளையும் ஒரு பொருள் கொண்டுவந்து கூட்டிச் சமைப்பதுதான் பிள்ளைகளின் கூட்டாஞ்சோறு. கொல்லையில் வேப்பமர நிழலில், மாலை 5 மணிக்கு அடுப்பு வைப்போம்.

முதல் ஆண்டில், யார் எதைக் கொண்டுவருவது என்று சொல்லாமல் விட்டுவிட்டோம். பக்கத்து வளவுப் பிள்ளைகளும் சேர்ந்து 15 பேர் வந்தார்கள். எளிதாக எடுக்க முடிந்தது உப்பு என்பதால் ஆறு பேர் உப்பு கொண்டுவந்தார்கள். தன் உப்பு வீணாகக் கூடாது என்று ஒவ்வொருவரும் யாரும் பார்க்காதபோது பானையில் போட்டுவிட்டார்கள். அன்று அந்தப் பானையில் வாயை வைத்த ஒருவரும் இரண்டாம் கவளம் எடுக்கவில்லை. எல்லோரும் பழைய சோற்றுக்கு ஓடினோம். இப்போதெல்லாம் உப்புக்கு ஒரே ஆளை நியமிக்கிறோம். தொட்டுக்கொள்ள, மேலே சொன்ன வேட்டியிலிருந்து வந்த வத்தலைப் பொரித்து வைப்போம்.

என் மகனுக்குத் தமிழ் சரளமாக வராது. மற்றப் பிள்ளைகள் கேலி செய்ய மாட்டார்களா?

சிரிப்பார்கள், ஒரு வாரத்தில் அவனும் சேர்ந்து சிரிப்பான். பெரியவர்களாகிய நாம் பேச்சைத் திருத்த இறங்காமல் இருந்தால் போதும். எங்கள் பேச்சே வேறாக இருப்பதால், தமிழ் நன்றாகத் தெரிந்த சென்னைப் பிள்ளைகளும் முதலில் விழிக்கிறார்கள். துடைப்பம் இங்கே வாரியல்; கைலி இங்கே சாரம்; மெதுவாக என்பதற்குப் பைய என்போம்.

பெங்களூரில் வளர்ந்த பேரன் வந்த முதல் நாள், கிணற்றடி பாசியில் வழுக்கிவிடப் போகிறானே என்று, "பைய வா, பைய வா" என்று தாத்தா உரக்கச் சொன்னார். அவன் நின்றான், யோசித்தான், உள்ளே ஓடிப்போய்த் தன் பள்ளிப் பையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். வீடே சிரித்தது, சொல்லின் பொருள் தெரிந்ததும் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவன் அவன்தான். ஊருக்குத் திரும்பிய பின் அவன் தன் வகுப்புத் தோழர்களுக்கெல்லாம் "பைய" சொல்லிக் கொடுத்திருக்கிறான் என்று மருமகள் சொன்னாள்.

ஆற்றில் குளிக்க விடுவீர்களா? நீச்சல் தெரியாதே.

விடுவேன், ஆனால் இந்த ஒரு காரியத்தில் என்னிடம் எந்தச் சலுகையும் கிடையாது. தாமிரபரணி வற்றாத ஆறு. கோடையில் முழங்கால் அளவு தெளிந்து ஓடுவதைப் பார்த்து ஏமாறக் கூடாது. மணல் அள்ளிய இடங்களில் திடீர்ப் பள்ளங்கள் உண்டு, பாறைகளில் பாசி உண்டு, மேலே அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிட்டால் மட்டம் சட்டென்று ஏறும். பாபநாசம் அணை 143 அடி, மணிமுத்தாறு அணை 118 அடி. இவற்றிலிருந்து வரும் தண்ணீரை வாய்க்கால்களுக்குத் திருப்ப, ஆற்றின் குறுக்கே 8 அணைக்கட்டுகள் இருக்கின்றன. அவற்றில் நதியுண்ணியும் கன்னடியனும் எங்கள் பக்கத்தில் இருப்பவை. அணைக்கட்டுக்குக் கீழே தண்ணீர் விழுந்து தோண்டிய கயங்கள் மிக ஆழமானவை என்பதால், அங்கே எந்தப் பிள்ளையும் இறங்கக் கூடாது. ஊரார் அன்றாடம் குளிக்கும் படித்துறையில், காலை வேளையில், நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவர் இடுப்பளவுத் தண்ணீரில் பிள்ளைகளுக்கும் ஆழத்துக்கும் நடுவே நின்றுகொண்டால் மட்டுமே இறங்கலாம்.

நீச்சல் பழக்குவதைப் பம்புசெட் தொட்டியில் தொடங்குகிறோம். முன்பு எங்களுக்கு முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் இறக்கினார்கள். இப்போது காற்றடித்த லாரி டியூப் இருக்கிறது. டியூப் மிதக்க உதவுமே தவிர உயிர்காக்கும் கருவி அல்ல, ஆகவே தொட்டியைத் தாண்டி அதைக் கொண்டுபோக அனுமதி இல்லை.

பெரியம்மா, மே மாதத்தில் குற்றாலம் போகலாமா?

குற்றாலச் சாரல் தென்மேற்குப் பருவமழையோடு ஜூனில் தொடங்கி ஆகஸ்ட், செப்டம்பர் வரை நீடிக்கும். மே மாதத்தில் பெரும்பாலும் பாறைதான் தெரியும். கோடை மழை பெய்தால் தண்ணீர் விழும். ஆனால் அந்தத் தண்ணீரைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். 2024 மே 17 அன்று மலையில் பெய்த மழையால் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுச் சிறுவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். கீழே வெயில் அடிக்கும்போதே மேலிருந்து வெள்ளம் வந்துவிடும். மலைமேல் மேகம் கறுத்திருந்தால், நீர் கலங்கி வந்தால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், அந்த நொடியே வெளியேறிவிட வேண்டும். காவலர்கள் தடை விதித்திருந்தால் வாதாடாமல் திரும்பிவிட வேண்டும்.

கோடையில் அருவி பார்க்க ஆசைப்படுகிறவர்களைப் பாபநாசம் அகத்தியர் அருவிக்கு அழைத்துப் போகிறேன். அங்கே ஆண்டின் பெரும்பகுதி தண்ணீர் இருக்கும். வனத்துறைச் சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பைகளை எடுத்துவிடுவார்கள் என்பதால், கட்டுச்சோற்றை வாழையிலையில் கட்டித் தூக்குவாளியில் வையுங்கள். தூக்குவாளிக்கு மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். குரங்குகளுக்கு எங்கள் எலுமிச்சைச் சோறு மிகவும் பிடித்துப்போய், ஒரு முறை வாளியைத் தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறிய குரங்கு, சோற்றையெல்லாம் தின்றுவிட்டு ஊறுகாய் இருந்த சின்னக் கிண்ணத்தை மட்டும் நக்கிப் பார்த்து, தூக்கி எறிந்துவிட்டது. அந்தக் கிண்ணம் நேராகச் சின்ன மாமாவின் மடியில் விழுந்தது. சின்ன மாமாவுக்கு அன்று கிடைத்த மதிய உணவு அந்த ஊறுகாய்தான் என்று பிள்ளைகள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

ஒரு நாளாவது திருநெல்வேலியைச் சுற்றிக் காட்டக் கூடாதா?

ஒரு நாள் போதும். அதிகாலையில் கிளம்பி, நெல்லையப்பர் கோயிலின் இசைத்தூண்களைப் பார்த்துவிட்டு, வெயில் ஏறியதும் கொக்கிரகுளத்திலுள்ள மாவட்ட அறிவியல் மையத்துக்குள் போய்விடுங்கள். 1987 முதல் இருக்கும் அந்த மையத்தில் கருவிகளைப் பிள்ளைகளே இயக்கிப் பார்க்கலாம். பக்கத்திலேயே சுலோசன முதலியார் பாலம் இருக்கிறது. ஆற்றைக் கடக்க மக்கள் படும் பாட்டைக் கண்ட ஒருவர் தன் சொந்தப் பணத்தில் கட்டி, 1843இல் திறக்கப்பட்ட பாலம் அது என்பதை அதன் மேல் நடக்கும்போதே சொல்லுங்கள். நேரமிருந்தால் திருச்செந்தூர் சாலையில் 13 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கிருஷ்ணாபுரம் கோயில் சிற்பங்களையும் பார்க்கலாம்.

மாலையில் அல்வா. சம்பாக் கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பாலெடுத்து, சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கிளறியதைச் சூடாக இலையில் வாங்கித் தின்றால்தான் அல்வா தின்ற கணக்கு. என் தம்பி மகள் ஐந்து வயதில் ஒரு நாள் வாசற்படியிலேயே உட்கார்ந்து சாப்பாட்டுக்கும் எழாமல் அடம்பிடித்தாள். விசாரித்தால், காரில் அழைத்துப்போவதாகச் சொன்ன மாமா வராமல் போனதைப் பற்றி அவள் அப்பா, "மாமா நமக்கு அல்வா கொடுத்துவிட்டார்" என்று சொல்லியிருக்கிறார். எல்லோருக்கும் கொடுத்த அல்வாவில் தன் பங்கு எங்கே என்பதுதான் அவளுடைய கேள்வி. செய்தி கேட்ட மாமா, அன்று மாலையே ஒரு கிலோவோடு வந்து சேர்ந்தார்.

தேள், பாம்பு பயம் உண்டா?

கிராமத்து வீட்டில் கவனம் வேண்டும். இரவில் கொல்லைக்குப் போகக் கைவிளக்கு, காலையில் செருப்பை உதறிப் போடுதல், விறகு அடுக்கில் கை விடாதிருத்தல் ஆகிய மூன்றையும் முதல் நாளே சொல்லிவிடுகிறேன். கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது. கடித்த கையையோ காலையோ அசையாமல் வைத்து, 108ஐ அழைத்து, அரசு மருத்துவமனைக்கு விரைய வேண்டும். மந்திரிக்கப் போய் நேரத்தை இழக்கவே கூடாது.

பிள்ளைகள் சண்டை போட்டால் பஞ்சாயத்து யார்? என் மகளை மட்டும் எல்லோரும் அழவைக்கிறார்களாம்.

பஞ்சாயத்துக்குப் பெற்றோர் வரக் கூடாது. ஒரு பிள்ளையின் அம்மா நுழைந்தால் மற்ற அம்மாவும் நுழைவாள்; பிள்ளைகள் கால் மணி நேரத்தில் மறந்ததைப் பெரியவர்கள் அடுத்த பொங்கல் வரை நினைவில் வைத்திருப்பார்கள். எங்கள் வீட்டில் சண்டை பெரும்பாலும் தாயத்தில்தான் வருகிறது. தாயம் விழாமல் காய் இறங்காது என்பதால், ஒரு மணி நேரம் வெறுமனே உருட்டுகிற பிள்ளைக்கு அழுகை வராமல் இருக்காது. உங்கள் மகளுக்கு நடந்ததும் அதுதான். அன்று வென்றவனையே அவளுக்குத் துணையாக வத்தல் காவலில் உட்கார வைத்தேன். இருவரும் சேர்ந்துதான் அந்த 140 வத்தலையும் தின்றார்கள் என்பதை இப்போது சொல்வதில் தவறில்லை.

அத்தை, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் கொடுக்கிற செல்லத்தில், திரும்பி வந்தபின் ஒரு மாதம் எங்கள் பேச்சையே கேட்பதில்லையே?

மருமகள்களில் இருவர் இதைக் கேட்டிருக்கிறார்கள்; கேட்டது நியாயம். ஆச்சி வீட்டில் தின்பதற்கும் உறங்குவதற்கும் நேரம் பார்ப்பதில்லை. அதனால் கடைசி நான்கு நாள், உங்கள் வீட்டு நேரப்படி எழுப்பி, உணவு கொடுத்து, படுக்க வைத்து அனுப்புகிறேன். நீங்களும் எனக்காக ஒன்று செய்ய வேண்டும். இங்கே உப்புக்கும் கணக்கெடுப்புக்கும் பொறுப்பாக இருந்த பிள்ளையை அங்கே போனதும் தண்ணீர் எடுத்துக் கொடுத்து உட்கார வைக்காதீர்கள். உங்கள் அடுக்களையிலும் அவனுக்கு ஒரு பொறுப்புக் கொடுங்கள். சென்ற ஆண்டு மூத்த மருமகள் அப்படிச் செய்தாள். இந்த ஆண்டு அவள் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

இத்தனை பேர் ஒரு மாதம் தங்கினால் செலவு? கேட்கவும் சங்கடமாக இருக்கிறது.

சங்கடப்பட வேண்டாம். அரிசி எங்கள் வயலில் விளைந்தது. காய்கறி, பால், எண்ணெய்ச் செலவை மே கடைசியில் எழுதி அனுப்புகிறேன், குடும்பங்கள் பிள்ளைகளின் எண்ணிக்கைப்படி பகிர்ந்துகொள்கின்றன. வேலை இல்லாமல் இருப்பவரிடமும், அந்த ஆண்டு மருத்துவச் செலவு வந்தவரிடமும் வாங்குவதில்லை. யாரிடம் வாங்கவில்லை என்பது மற்றவர்களுக்குத் தெரிவதும் இல்லை. நுங்கும் பதநீரும் தாத்தாவின் செலவு. அதில் யாரும் பங்கு கேட்கக் கூடாது என்பது அவருடைய விருப்பம்.

கிளம்பும் நாளில் பிள்ளைகள் அழுகிறார்களே, என்ன சொல்லித் தேற்றுவது?

தேற்ற முயல வேண்டாம், அழட்டும். முதல் நாள் மாலையிலேயே வத்தலை ஆளுக்கொரு டப்பாவில் பங்கிட்டு, அவரவர் பெயரை அவரவர் கையாலேயே எழுதி ஒட்டச் செய்கிறேன். பக்கத்தில் ஒரு கருப்பட்டி. ரயில் நிலையத்துக்கு முக்கால் மணி நேரம் முன்பே போய்விடுங்கள், ஏனென்றால் 11 பேரையும் எண்ணி ஏற்ற அவ்வளவு நேரம் ஆகும். எண்ணும் பொறுப்பு யாருடையது என்று மேலே சொல்லியிருக்கிறேன். அவனை எண்ண மறந்துவிடாமல் தாத்தா பார்த்துக்கொள்வார்.